ஆயா பிறந்த ஊர்

உனக்கு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. எங்கள் கம்பெனி லாரியில் குழாய் ஏற்றிக்கொண்டு நாளை மஸ்கட் வரும் கான் பாயிடம் கொடுத்து அனுப்புகிறேன். ரூவியில் உன் ரூமுக்கே வந்து உன் கையில் தருவதாகச் சொல்லியிருக்கிறார். தபாலில் போட்டால் வியாழக்கிழமை நீ துபாய்க்குக் கிளம்புவதற்குள் வந்து சேருமோ என்னவோ. சேராமல் போனால் நல்லது என்று என் மனதின் ஒரு மூலை நினைக்கும். அந்த மூலையை எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால்தான் கான் பாய். வெள்ளிக்கிழமை உனக்குக் கல்யாணம். அப்பா வருவாரா மாட்டாரா என்று உன் அம்மாவிடம் மூன்று முறை ட்ரங்க் கால் போட்டுக் கேட்டுவிட்டாய். நான் பதில் சொல்லவில்லை. பெண் சீனாக்காரி என்பதால் நான் முறுக்கிக்கொண்டிருப்பதாக நீ நினைக்கிறாய். உன் அம்மாவும் அப்படித்தான் நினைக்கிறாள். நினைத்துக்கொள்ளட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். உண்மையான காரணத்தைவிட அது எவ்வளவோ கௌரவமாக இருந்தது.

உண்மையான காரணம் பொறாமை. ஐம்பது வயதில், எம்.ஏ. படித்த ஒருவன், தன் மகனுக்கு இதை எழுதுவது சுலபமாக இல்லை. ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நீ அதை அவர்கள் வீட்டுப் பக்கத்திலிருந்து பார்த்தவன். நான் இருந்த இடத்திலிருந்து அது எப்படித் தெரிந்தது என்பது உனக்குத் தெரியாது.

இங்கே ஷேக்குகள் ஒன்றுகூடி இதை ஒரு நாடு என்று ஆக்கிய மறு வருடம் நாம் துபாயில் இந்த சத்வாவுக்குக் குடி வந்தோம். உனக்குப் பதினைந்து வயது. சிமென்ட் கல் வைத்துக் கட்டிய இரட்டை வீட்டில் ஒரு பாதி நமக்கு. மறு பாதியில் யார் என்று தெரியாது. முதல் நாள் நான் முற்றத்தில் டிரங்குப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தபோது சுவருக்கு மேலிருந்து ஒரு குரல், "இன்னா சார், மெட்ராஸா?" என்று கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் சீன முகம். பேசியது யார் என்று நான் அவளுக்குப் பின்னால் தேடினேன். அவள் சிரித்துவிட்டு, "நான்தான் சார். மவுண்ட் ரோடு பின்னால சந்து. அங்கதான் வளந்தேன். தண்ணி வராது, டாங்கர் வர்ற வரைக்கும் ரெண்டு கொடம் தர்றேன், வாங்கிக்கங்க," என்றாள். அதுதான் மேரி, உன் வருங்கால மாமியார். பக்கத்தில் உன் வயதில் ஒரு பெண், ஹெலன், குடத்தைச் சுவரில் ஏற்றிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துக்காக வைத்த பெயர்கள் அவை. வீட்டில் வேறு பெயர்கள் உண்டு என்று நீ எனக்குச் சொல்லித்தரப் பார்த்தாய். நான் கற்றுக்கொள்ளவில்லை.

மேரி இங்கே ஒரு பம்பாய் டாக்டரின் பல் கிளினிக்கில் பின்னறையில் உட்கார்ந்து பல் செட் செய்பவள். அச்சு எடுப்பது, மெழுகில் ஈறு வைப்பது, பல் பதிப்பது எல்லாம் அவள். டாக்டர் பெயர் முன்னால் பலகையில் இருக்கும். நாம் வந்த பத்தாம் நாள் அவள் உன் அம்மாவின் முகத்தை ஏதோ அளவெடுப்பது போலப் பார்த்துவிட்டு, "அக்கா, ஏன் சிரிக்கும்போது முந்தானையால வாய மூடிக்கினே இருக்கீங்க?" என்று கேட்டாள். உன்னைப் பெற்ற வருடம் உன் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து முன்பற்கள் இரண்டு போயின. அதிலிருந்து அவள் வாயை மூடித்தான் சிரிப்பாள். அது அவளுடைய சுபாவம் என்றே நான் நினைத்திருந்தேன். அடக்கமான பெண் என்று நண்பர்களிடம் பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறேன். மூன்று வாரத்தில் மேரி இரண்டு பல்லைச் செய்து பொருத்திவிட்டாள். அன்று சாயங்காலம் நான் டூட்டி முடிந்து வந்தபோது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ ஒரு பெண் பெரிதாகச் சிரிக்கும் சத்தம் கேட்டது. யார் வந்திருக்கிறார்கள் என்று உன்னைக் கேட்டேன். "அம்மாப்பா," என்றாய். பதினைந்து வருடம் ஒரே வீட்டில் இருந்தவனுக்குத் தன் மனைவியின் சிரிப்பு அடையாளம் தெரியவில்லை. நன்றி சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அந்தச் சீனாக்காரி மேல் கோபம்தான் வந்தது. என் வீட்டுக்குள் நான் பார்க்காத ஒன்றை அவள் வந்த வேகத்தில் பார்த்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நீங்கள் இருவரும் பாதி நேரம் அந்த வீட்டில்தான். நீ அவர்கள் சாப்பாட்டு மேஜையில் கணக்குப் பாடம் போட்டாய். உன் அம்மா ஆவியில் வேகவைக்கும் ரொட்டியைக் கற்றுக்கொண்டு, அவர்களுக்கு ரசம் கற்றுக்கொடுத்தாள். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து ரேடியோ கேட்டேன். என்னுடைய குறை என்னவென்று உனக்கு மனப்பாடம் ஆகியிருக்கும். ஆபீஸ் மானேஜர் பதவி எனக்கு வரவேண்டியது. காகிதம், கடிதம், விசா, ஒப்பந்தம் எல்லாம் என் மேஜையில்தான் உயிர் பெற்றன. கல்லூரி வாசலை மிதிக்காத ஒரு வெள்ளைக்காரப் பையனைக் கொண்டுவந்து எனக்கு மேல் உட்கார வைத்தார்கள். என் கடிதத்தில் அவன் கையெழுத்துப் போடுவான். அதைச் சோற்றோடு சேர்த்துப் பிசைந்து சாப்பிட்டேன், ஒவ்வொரு நாளும். உங்களையும் சாப்பிட வைத்தேன்.

அவர்களுடைய புத்தாண்டு வந்தபோது மேரி நம் மூவரையும் சாப்பிடக் கூப்பிட்டாள். அன்று நான் பேசினேன். புது ஆட்கள் கிடைத்தார்கள் என்று என் குறையை ஒன்றுவிடாமல் சொன்னேன். மேரி நன்றாகக் கேட்டுக்கொண்டாள், "அடப்பாவி, நியாயமே இல்ல சார்," என்று சரியான இடங்களில் சொன்னாள். எனக்கு இதமாக இருந்தது. அப்போது நீ ஹெலனிடம், "ஆயா நடந்து வந்த கதையை அப்பாவுக்குச் சொல்லு," என்றாய். ஆயா என்றால் மேரியின் அம்மா, மெட்ராஸில் தனியாக இருந்தவர். ஹெலன் ஏதோ கடைக்குப் போய் வந்ததைச் சொல்வது போலச் சொன்னாள்.

ஆயா சீனாவின் ஹூபே பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். பதினாறு வயதில் கல்யாணமாகி, பல் கட்டும் புருஷனோடு ரங்கூனுக்கு வந்தார். ஜப்பான்காரன் குண்டு போட்ட வருடம், ஆறு வயது மேரியை முதுகில் கட்டிக்கொண்டு, மலையும் சேறுமாக இம்பால் வரைக்கும் நடந்தார். புருஷன் வழியில் காய்ச்சலில் போய்விட்டார். அவருடைய கருவிப் பெட்டியை மட்டும் ஆயா கீழே வைக்கவில்லை. மெட்ராஸுக்கு வந்து கொஞ்ச காலம் காகிதப் பூ செய்து தெருத்தெருவாக விற்றார். புருஷன் வேலை செய்தபோது பார்த்திருந்ததை வைத்துப் பல் கட்டவும் ஆரம்பித்தார். பெண்பிள்ளை கையில் வாயைக் கொடுப்பதா என்று முதலில் யாரும் வரவில்லையாம். ரிக்‌ஷாக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் வாயைப் பார்த்து மற்றவர்கள் வந்தார்கள். மேரி பெரியவளாகி, அவளுக்கும் ஒரு புருஷன் வந்தான். கப்பலில் சமையல் வேலைக்குப் போனவன், ஹெலனுக்கு மூன்று வயதாகும்போது ஹாங்காங்கில் இறங்கி அப்படியே நின்றுவிட்டான். பிறகு சீனச் சண்டை வந்தது. கடை மேல் கல் விழுந்தது, பலகையைக் கழற்றினார்கள், ஆயாவும் மேரியும் போலீஸ் ஸ்டேஷனில் போய் வெளிநாட்டார் என்று பதிந்துகொண்டு ஒவ்வொரு மாதமும் கையெழுத்துப் போட வேண்டும். "அந்த ஏட்டுக்கு ஆயாதான் பல் கட்டுனாங்க அங்கிள்," என்றாள் ஹெலன். "பொறந்த ஊர் சைனான்னு போட்டா தொந்தரவும்மா, ரங்கூன்னு போட்டுக்கறேன்னு அவரே எழுதிக்கிட்டார்." எல்லோரும் சிரித்தார்கள். மேரி, "அப்பவும் அந்தாளு பல்லு துலக்க மாட்டான்," என்றாள். மறுபடி சிரிப்பு.

நான் சிரிக்கவில்லை. நீ என் பக்கம் திரும்பி, "பார்த்தீங்களாப்பா, உங்களை யாரும் துரத்தலையே. சம்பளம் மாசாமாசம் வருதில்ல?" என்றாய். நீ அதை ஆறுதலாகத்தான் சொன்னாய் என்று இன்று தோன்றுகிறது. மேரி உடனே, "தம்பி, அப்பாகிட்ட அப்படிப் பேசாத. அவருக்கு வலிக்கறது அவருக்குத்தான் தெரியும்," என்றாள். நீ சொன்னதைக்கூட நான் மறந்திருப்பேன். அவள் எனக்காகப் பரிந்து பேசியதை மன்னிக்கவே முடியவில்லை. என்னிடம் இருந்தது ஒரே ஒரு அநியாயம். அதை வைத்துத்தான் நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன். அவர்களிடம் மூன்று தலைமுறைக்கான அநியாயம் இருந்தது, அதைப் பரிமாறிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் என்னுடையது இவ்வளவு சிறிதாகிப் போனதற்கு அவர்கள்தான் காரணம் என்று நான் முடிவு செய்தேன்.

பிறகு நீ இன்ஜினியரிங் படிக்க மெட்ராஸ் போனாய். முதல் தடவை மேரி உன் கையில் ஆயாவுக்குப் பால் பவுடரும் பேரீச்சம்பழமும் கொடுத்தனுப்பினாள். அதற்கப்புறம் யாரும் சொல்லாமலே ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நீ அங்கே போனாய். உன் கடிதங்கள் வரும். இரண்டு பக்கம் எழுதுவாய். ஆயா உனக்கு முள் எடுத்த மீன் வைத்தது, ஆயா உன் ஹாஸ்டல் சட்டைக்குப் பட்டன் தைத்தது, ஆயாவின் தமிழ். கடைசியில், "அப்பாவைக் கேட்டதாகச் சொல்லவும்." உன் அம்மா அதைச் சுவருக்கு மேல் நீட்டி மேரிக்குக் கொடுப்பாள். அந்தப் பக்கம் ஹெலன் சத்தமாகப் படிப்பாள். என் மகனின் கடிதத்தை நான் என் வீட்டு முற்றத்தில் நின்று, பக்கத்து வீட்டிலிருந்து கேட்டிருக்கிறேன்.

அடுத்த வருடம் மேரி ஆயாவை இங்கே அழைத்துக்கொள்ளத் தீர்மானித்தாள். கிளினிக் லைசென்ஸைத் தன் பெயரில் வைத்திருந்த கஃபீல், நல்ல அரபி மனிதர், ஸ்பான்சர் செய்யச் சம்மதித்தார். ஆயாவுக்கு எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் கிடையாது. ஆகையால் விளக்கமாக ஒரு விண்ணப்பம் டைப் செய்து, பத்திரங்களோடு கொடுக்க வேண்டும். சத்வாவில் பாதிப் பேருக்கு அந்த வேலையை நான்தான் செய்துகொடுத்தேன். மேரி ஒரு பிஸ்கட் டப்பாவில் காகிதங்களைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "ஒங்க இங்கிலீஷுக்கு ஆள் கெடையாது சார். நீங்க எழுதனா நடக்கும்," என்றாள். டப்பாவில் மெட்ராஸ் போலீஸ் பதிவுப் புத்தகம் இருந்தது. பிறந்த ஊர் ரங்கூன். அதற்கு அடியில் நாலாக மடித்த பழைய பர்மாக் காகிதம் ஒன்று. அதில் சீனா, ஹூபே. அந்தக் காகிதம் உள்ளே கிடப்பது மேரிக்கு நினைவிருந்ததா என்று தெரியாது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ஆபீஸில், என் மெஷினில் டைப் செய்தேன். பிறந்த இடம் என்ற கட்டத்துக்கு வந்து நிறுத்தினேன். ரங்கூன் என்று அடித்தால் போதும், போலீஸ் புத்தகம் சாட்சி. சீனா என்று அடித்தால், நாடில்லாத ஒரு கிழவிக்கு இங்கே அப்போது கதவு திறக்காது. எனக்கு அது தெரியும். அதைத் தெரிந்துவைத்திருப்பதுதான் என் உத்தியோகம். அன்று காலை வந்த உன் கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. ஆயா மேரி ஆன்ட்டியை எப்போது பார்ப்பேன் என்று கேட்டதாகவும், அப்பா எழுதுகிறார், அப்பா எழுதினால் நடக்கும் என்று நீ சொன்னதாகவும் அதில் இருந்தது. அந்த வரியை நான் படித்திருந்தேன். என் கண்ணில் பட்டதெல்லாம் ஆயா, ஆயா, ஆயா. நான் சீனா, ஹூபே என்று அடித்தேன். பர்மாக் காகிதத்தையும் சேர்த்து இணைத்தேன். உண்மையைத்தானே எழுதினேன் என்று மனதுக்குள் ஒரு வாசகம் தயாராக இருந்தது. படிக்காத ஒரு போலீஸ் ஏட்டு இரக்கப்பட்டுச் செய்ததை, எம்.ஏ. படித்த நான் திருத்தினேன். கஃபீல் என்னை நம்பிப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

ஐந்து வாரத்தில் மறுத்துவிட்டார்கள். ஒரு முறை ஃபைலில் ஏறிவிட்டால் மறுபடி வேறு ஊர் போட முடியாது. மேரி போய்ப் பார்க்கலாம் என்றால் அவளிடம் இருந்தது போனால் திரும்ப வரமுடியாத காகிதம். அவள் திரும்பாவிட்டால் மூன்று பேருக்கும் சோறு கிடையாது. மெட்ராஸில் பிறந்து இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தவள் ஹெலன் மட்டும்தான். பதினெட்டு வயது. கிளினிக்கில் வரவேற்பில் உட்கார்ந்திருந்தாள், டாக்டர் அவளை நர்ஸ் வேலைக்குப் பழக்கிக்கொண்டிருந்தார். அதை விட்டுவிட்டு ஆயாவைப் பார்த்துக்கொள்ள மெட்ராஸ் போனாள். மேரி தனியாக இங்கே. சுவருக்கு அந்தப் பக்கம் அமைதியாகிவிட்டது. நான் விரும்பியது அந்த அமைதியைத்தான் என்று நினைத்தேன்.

இப்போது நீயே மீதியை யோசித்துக்கொள்ளலாம். ஹெலன் மெட்ராஸ் போனதால்தான் உன் ஞாயிற்றுக்கிழமைகள் வேறு மாதிரி ஆயின. நீயும் அவளும் கிழவியை ரிக்‌ஷாவில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும், அவள் சமைக்க நீ பாத்திரம் கழுவியதும், மூன்று வருடத்தில் கல்யாணம் என்று எனக்கு எழுதியதும், எல்லாம் அந்த ஒரு கட்டத்தில் நான் அடித்த இரண்டு வார்த்தையிலிருந்து வந்தவை. உன்னை அவர்களிடமிருந்து பிரிக்க நினைத்தவன் நான். இதை யாரிடமும் சொல்லிச் சிரிக்கக்கூட முடியவில்லை.

போன வருடம் ஆயா இறந்தபோது நீ தந்தியை என் ஆபீஸ் முகவரிக்கு அனுப்பினாய். மேரி ஆன்ட்டியிடம் அப்பா பக்குவமாகச் சொல்வார் என்று நினைத்திருப்பாய். காலை பதினோரு மணிக்கு நான் கிளினிக்கின் பின்னறைக்குப் போனேன். அவள் ஸ்பிரிட் விளக்கில் கத்தியைச் சூடு பண்ணி மெழுகு வழித்துக்கொண்டிருந்தாள். நான் தந்தியைப் படித்தேன். அவள் விளக்கை ஊதி அணைத்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "யாரு கூட இருந்தா சார்?" என்றாள். "ஹெலனும் என் மகனும்." "ரெண்டும் சாப்ட்டுச்சாமா?" "தந்தியில் அதெல்லாம் இல்லை மேரி." அவள் தலையாட்டினாள். பிறகு தீப்பெட்டியை எடுத்து விளக்கை மறுபடி ஏற்றினாள். "ஒரு பட்டான் கெழவன் சார். நாலு நாளா கஞ்சி குடிச்சிக்கினு கீறான். சாயங்காலம் பல்லுக்கு வருவான்," என்று மெழுகை எடுத்துக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்றேன். அவள் அழுதிருந்தால் ஆறுதல் சொல்லியிருப்பேன். என்னைத் திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். இரண்டுக்கும் இடம் கொடுக்காமல் அவள் ஒரு பல்லை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். அம்மாவை இத்தனை வருடம் பார்க்காமலே இழந்தவள் அவள். அந்த அறையில் பொறாமைப்பட்டவன் நான். இவளுக்கு எங்கிருந்து வருகிறது இது, எனக்கு ஏன் வரவில்லை என்று.

அதன் பிறகு ஹெலன் மேரியிடம் திரும்பி வந்தாள், நீ படிப்பு முடித்து மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனாய். போன மாதம் மேரி கல்யாணத்துக்குக் கூப்பிட வந்தாள். நீ சொல்லி அனுப்பியிருந்தாய் போலிருக்கிறது, நல்ல நேரம் பார்த்து, வெற்றிலை பாக்கு வைத்து, கூடவே சிவப்புக் காகிதத்தில் சுற்றிய ஆரஞ்சுப் பழம். உன் அம்மா காபி போட உள்ளே போனாள்.

"சார், டீ மேட்டர் ஒண்ணு சொல்லணும்," என்றாள் மேரி. "எங்க ஆளுங்க கண்ணாலத்துல பொண்ணும் மாப்ளையும் முட்டி போட்டுப் பெரியவங்களுக்கு டீ குடுப்பாங்கோ. வாங்கிக் குடிச்சாத்தான் நீ எங்க ஊட்டுப் பொண்ணுன்னு அர்த்தம். நீங்களும் அக்காவும் ஒக்காரணும்."

"உங்கள் பக்கத்தில் யார்?"

"யாரு கீறாங்க? ஆயாவுக்கு ஒரு நாற்காலி போட்டு மொத கப்பு அதும் முன்னால வெப்போம். அப்பறம் ஒங்களுக்கு. பக்கத்துப் பக்கத்துல."

அவள் என் முகத்தைப் பார்த்தாள், அன்று உன் அம்மாவைப் பார்த்தது மாதிரியே. "எனக்குத் தெரியும் சார்," என்றாள். "அன்னிக்கே தெரியும். ஃபைலத் திருப்பிக் குடுத்தாங்கல்ல? ஹெலன் படிச்சா. ஆயா பொறந்த ஊர்கிட்ட செவப்புப் பென்சில்ல கோடு போட்டிருந்துச்சு."

"கேட்டிருக்கலாமே, மேரி."

"இன்னான்னு கேக்கறது? நீங்க எழுதனது நெசம். பத்துப் பதிமூணு வருசமா பொய் சொல்லிக்கினு இருந்தது நாங்கதான். நெசத்த எழுதனவருகிட்ட எப்படி சார் சண்ட போடறது?" வெற்றிலைத் தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு, "ஆயாவுக்குச் சொல்லல. தம்பிக்கும் சொல்லல. ஹெலனும் சொல்ல மாட்டா. நீங்க வந்து ஒக்காருங்க, அது போதும்," என்றாள். அதற்குள் காபி வந்துவிட்டது. உன் அம்மாவோடு பூ விலை பற்றிப் பேசிவிட்டு எழுந்து போனாள்.

அந்த ஒரு மாதமாகத்தான் நான் உனக்குப் பதில் சொல்லவில்லை. நீ கட்டிக்கொள்ளப்போகும் பெண் நான்கு வருடமாக இதை வாயில் வைத்துக்கொண்டு உன்னோடு சிரித்துப் பேசியிருக்கிறாள். அதனால் ஒன்று சொல்கிறேன், இதை மட்டும் அப்பாவின் புத்திமதியாக வைத்துக்கொள். இந்தப் பெண்கள் வலிக்கிறது என்று தாங்களாகச் சொல்ல மாட்டார்கள். அவர்கள் பழகிப்போனது அப்படி. அதைப் பெரிய குணம் என்று நீ வியந்துகொண்டு உட்கார்ந்துவிடாதே. பக்கத்தில் இருப்பவனுக்கு அது மிகவும் சௌகரியம். அவள் எதை மறைத்துக்கொண்டு சிரிக்கிறாள் என்று நீயாகக் கேள். பதினைந்து வருடம் நான் கேட்கவில்லை, அடுத்த வீட்டுக்காரி வந்து கேட்டாள். இன்னொன்று, உனக்கும் எங்கோ ஓரிடத்தில் அநியாயம் நடக்கும். நடக்காதவன் யாரும் இல்லை. அதை உன்னுடைய சொத்து மாதிரி காவல் காக்காதே. நான் காத்த காவலில் என்ன செய்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

ஆயாவின் நாற்காலிக்குப் பக்கத்தில், உனக்குத் தெரியாமல், நான் உட்கார முடியாது. நீ முட்டி போட்டு முதல் கப்பை அந்த நாற்காலிக்கு முன்னால் வைத்துவிட்டு, அடுத்ததை என்னிடம் நீட்டும்போது உன் முகத்தில் இருக்கப்போகும் மரியாதையை என்னால் வாங்கிக்கொள்ள முடியாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம் என்று எழுதி இங்கேயே முடித்துவிட்டால் நான் நல்லவனாகத் தெரிவேன். முழுக்க அது இல்லை. அவர்கள் இருவரும் என்னை உன்னிடம் காட்டிக்கொடுக்காமல் பெரியவர்களாக நிற்கிறார்கள். என்றைக்காவது ஒருநாள், நான் போன பிறகு, ஹெலன் உனக்குச் சொல்லுவாள், அப்போது அவர்கள் மன்னித்ததும் சேர்ந்தேதான் உனக்குத் தெரியவரும். நீயும் அவர்களோடு சேர்ந்து என்னை மன்னித்துவிடுவாய். அது எனக்கு வேண்டாம். என்னைப் பற்றிய இந்த ஒரு செய்தியையாவது நீ என்னிடமிருந்து கேட்க வேண்டும், அவர்களிடமிருந்து அல்ல. இதையும் பொறாமையால்தான் எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தது அதுதான்.

வியாழக்கிழமை வந்ததும் நேராக மேரி வீட்டுக்குப் போ. நான் எழுதியதெல்லாம் உண்மையா என்று ஹெலனிடம் கேள். பிறகு இங்கே வா, தனியாக வா. அம்மாவிடம் இன்று நானே சொல்லிவிடுகிறேன். நீ உட்காரச் சொன்னால் வெள்ளிக்கிழமை அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் உட்காருவேன், வேண்டாம் என்றால் உன் அம்மா மட்டும் உட்காரட்டும், நான் காரணம் கேட்க மாட்டேன். எதுவானாலும் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போகாதே, உள்ளே வந்து, கதவைச் சாத்திவிட்டு, உனக்கு வந்த கோபம் தீரும்வரை என்னிடம் பேசு. மரியாதை பார்க்காதே. ஆயாவுக்குத் தெரியாமலே போயிற்று, மேரி கோபப்படவில்லை, ஹெலனும் படவில்லை. நீ படு. அந்தக் கோபத்திலாவது அவர்கள் யாருக்கும் பங்கில்லாமல், அது எனக்கு மட்டும் வரட்டும்.

அப்பா